ஜூலை பிறக்கட்டும்

கிளேர் ஃபால்ஸ், மெய்ன்
6 ஜூலை 1989

லியோனெலுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். படித்துவிட்டுக் கிழி.

நாம் பேசி இரண்டு வருஷமாகிறது. காகித ஆலை வாசலில் எல்லோரும் மறியலில் நின்றபோது நீ எங்களைத் தாண்டி உள்ளே வேலைக்குப் போனாய். கூடப் பிறந்த அண்ணன் வாசலில் நிற்க, தம்பி தலையைக் குனிந்துகொண்டு போனாயே, அன்றிலிருந்து இந்த வீட்டில் உன் பெயரை யாரும் எடுப்பதில்லை. அதையெல்லாம் மறந்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

ஆலையை மூடினதும் நீ பாலெட்டையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு கனெக்டிகட் போய்விட்டாய். இங்கே நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. வெள்ளிக்கிழமை மூடினார்கள், திங்கட்கிழமை காலையிலேயே உன் அண்ணன் சங்கத்து ஆட்கள் அத்தனை பேரையும் சேர்த்துக்கொண்டு, வேலை போனவர்களுக்கு வாராவாரம் பணம் தரும் உதவித்தொகை ஆபீசுக்குப் போனார். எழுபது பேர் இருக்கும். சங்கச் சட்டையைப் போட்டுக்கொண்டு பாலத்தின் மேல் நடந்தே போனார்கள். வேலை போன ஆட்கள் மாதிரியே இல்லை, கலியாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி இருந்தார்கள். எனக்கும் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. ஒருத்தன் பாக்கியில்லாமல் ஒரே நாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

இருபத்தாறு வாரம் வரும் என்று நம்பியிருந்தோம். எப்போதும் அதுதானே வரும். ஜனவரி வரை ஓட்டிவிட்டால் அதற்குள் எங்கேயாவது ஒரு வேலை கிடைக்காதா என்று இருந்தோம். எங்கள் பெண் நிகோலை செப்டம்பரில் லூயிஸ்டனில் நர்ஸ் படிப்புக்குச் சேர்க்கலாம் என்று இருந்தோம்.

இன்று சீட்டு வந்தது. வாரத்துக்கு இவ்வளவு என்பது நினைத்தபடிதான் இருக்கிறது. ஆனால் பதினான்கு வாரம்தானாம். அக்டோபரில் நின்றுவிடும். கூட வேலை பார்த்த ஆர்மானுக்கு எட்டு வாரம். அவனுக்கு நாலு பிள்ளைகள்.

மறியலுக்கு முன்னால், மெஷின் நின்று கொஞ்ச நாள் வேலை இல்லாமல் போகும்போதெல்லாம் சங்கக் கட்டடத்தில் உன்னைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். பீர் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டையைத் திருப்பிப் போட்டு நாலு கோடு கிழிப்பாய், "உனக்கு இவ்வளவு வரும், போ" என்பாய். பிறகு ஆபீசிலிருந்து சீட்டு வந்தால் நீ சொன்னதுதான் இருக்கும். இந்தத் தடவை உன்னிடம் யாரும் கேட்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பார்கள்?

நான் கேட்கிறேன். பதினான்கு எப்படி வந்தது? ஆபீசில் தப்புப் பண்ணியிருக்கிறார்களா?

போன் பண்ணாதே. அவர் இப்போது நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார். நான் சமையல் செய்யும் பங்குச்சாமியார் வீட்டு முகவரிக்கு எழுது.

ஈவெட்


பிரிஸ்டல், கனெக்டிகட்
9 ஜூலை 1989

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன். பாலெட் எப்படி இருக்கிறாள், குறைமாதத்தில் பிறந்து ஆறு வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த குழந்தை இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இருக்கும் எனத் தேடினேன். இல்லை. மறியலில் நின்றால் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று சொன்ன மறுநாள்தான் நான் உள்ளே போனேன். அது உங்களுக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். நன்றாக இருக்கிறான், அண்ணி. நடக்கிறான்.

ஆபீசில் தப்பு ஒன்றும் இல்லை. கணக்கு இதுதான். வருஷத்தை மும்மூன்று மாதமாக நாலு துண்டு போடுவார்கள். நீங்கள் எழுதிக் கொடுக்கும் நாளில் ஓடிக்கொண்டிருக்கும் துண்டைப் பார்க்கமாட்டார்கள். அதற்கு முன்னால் முடிந்ததையும் பார்க்கமாட்டார்கள். அதற்கும் முந்தைய நாலு துண்டில் எவ்வளவு சம்பளம் வாங்கினீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். மொத்தச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தரமாட்டார்கள்.

ஜூனில் போனதால் போன வருஷம் ஜனவரி முதல் டிசம்பர் வரைதான் பார்த்திருப்பார்கள். அந்த வருஷம் செப்டம்பர் வரை அண்ணன் மறியல் கொட்டகையில் நெருப்பு மூட்டிக்கொண்டு நின்றார். அதற்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்? அவரை அக்டோபரில் திரும்ப எடுத்தார்கள், ஆர்மானை நவம்பரில்தான் எடுத்தார்கள். அதனால்தான் அவனுக்கு எட்டு.

ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் பொறுத்து ஜூலையில் போயிருந்தால் இந்த வருஷத்து ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சும் கணக்கில் சேர்ந்திருக்கும். அண்ணனுக்கு முழுசாக இருபத்தாறு வாரம். எனக்கு எப்போது போனாலும் இருபத்தாறுதான். நான் மறியலில் நிற்கவில்லையே. சட்டம் எழுதியவனுக்குக் கொழுப்பு.

இதை நான் சொன்னேன், அண்ணி.

நீங்கள் கேட்காமலே சொன்னேன். ஆலை மூடின பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சங்கக் கட்டடத்துக்குப் போனேன். உள்ளே விடவில்லை. படியிலேயே நின்றேன். அண்ணன் வெளியே வந்தார்.

"என்ன வேணும் உனக்கு?" என்றார்.

"நாளைக்குப் போகாதீங்க. ஜூலை பிறக்கட்டும், அப்புறம் போங்க. இப்பப் போனா பாதிதான் வரும்" என்றேன். ஏன் என்பதையும் சொன்னேன். இப்போது உங்களுக்கு எழுதியதைத்தான் சொன்னேன்.

முழுசாகக் கேட்டார். பிறகு, "கருங்காலி நாள் குறிச்சுக் குடுத்து நாங்க போகணுமா? நடைய கட்டு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

மறுநாள் காலை சாமான் ஏற்றிய வண்டியோடு பாலத்தைத் தாண்டினேன். எதிரே எல்லோரும் வந்தார்கள். அண்ணன்தான் முன்னால்.

ஆனால் இன்னும் வழி இருக்கிறது. சீட்டு தபாலில் போட்ட நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள், வந்த முதல் காசோலையை மாற்றாமல் திருப்பிக் கொடுத்து, 'என் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்' என்று கையெழுத்துப் போட்டால் அதை இல்லாததாக ஆக்கிவிடுவார்கள். மறுநாளே புது மனு கொடுக்கலாம். உங்கள் கணக்குக்கு இருபதாம் தேதி கடைசி. காசோலையை மாற்றிவிட்டால் முடிந்தது. பிறகு ஒரு வருஷத்துக்கு அந்தப் பதினான்குதான்.

அவரிடம் நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள். சாமியார் சொன்னார் என்று சொல்லுங்கள்.

லியோனெல்


கிளேர் ஃபால்ஸ்
12 ஜூலை 1989

லியோனெலுக்கு,

குழந்தையைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். சரி.

உன் கடிதத்தைச் சுருட்டி ஏப்ரனுக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாமியார் சொன்னார் என்று ஆரம்பித்தேன். பாதி சொல்வதற்குள் உன் அண்ணன் சிரித்துவிட்டார்.

"சாமியாருக்குக் காணிக்கைத் தட்டு எண்ணவே வராது. யாரு எழுதினா?"

சொல்லிவிட்டேன். எனக்குப் பொய் நிற்காது. "உன் தம்பி படியேறி வந்து சொன்னானாமே, நெசமா?" என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் இல்லை என்று சொல்வார், உன்னைத் திட்டலாம் என்று காத்திருந்தேன். அவர் இல்லை என்று சொல்லவில்லை.

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! அடுப்பில் இருந்த பீன்ஸ் பானையை அப்படியே தூக்கித் தொட்டியில் கவிழ்க்கலாம் போல இருந்தது. எழுபது குடும்பம், லியோனெல். கொடி பிடிக்கிற மாதிரி முன்னால் நடந்தார், எல்லோரும் பின்னால் போனார்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், இவருக்கு ஆத்திரம் இரண்டு வருஷமாக ஆறவில்லை.

"திரும்ப வாங்கிட்டு மறுபடி எழுதிக் குடு" என்றேன். "எல்லாரும் ஒண்ணாப் போனோம். நான் மட்டும் பின்வாசல் வழியாத் திரும்புறதா?" என்றார். "அப்ப எல்லார்கிட்டயும் சொல்லு. எல்லாரும் திரும்பட்டும்" என்றேன். எழுந்து வெளியே போய்விட்டார். ஏன் என்று எனக்குத் தெரியும். சொன்னால், 'உனக்கு யார் சொன்னது, எப்போது சொன்னது' என்று கேட்பார்கள்.

காசோலை இன்றைக்கு வந்துவிட்டது. சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன்.

உன்னிடமும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள். சாத்தின கதவுக்கு முன்னால் ஏன் நின்றாய்? படியில் நின்று ஏன் கத்தவில்லை? உள்ளே எழுபது பேர் இருந்தார்கள். ஜன்னல் திறந்துதான் இருக்கும், ஜூன் மாதம். உன் அண்ணனிடம் மட்டும் சொல்லிவிட்டு ஏன் போனாய்? கடமை முடிந்தது என்றா? இல்லை, அவர் கெட்டுப்போனால் போகட்டும் என்றா?

ஆர்மானின் பெண்டாட்டி ஜெர்மேனிடம் நான் சொல்லட்டுமா? சொன்னால் என் புருஷனைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும். சொல்லாவிட்டால் அந்த நாலு பிள்ளைகள் செப்டம்பரில் என்ன சாப்பிடும்?

சீக்கிரம் எழுது.

ஈவெட்


பிரிஸ்டல்
14 ஜூலை 1989

அண்ணிக்கு,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். திங்கட்கிழமை கிடைத்துவிடும். உங்களுக்கு மூன்று நாள் இருக்கும்.

சொல்லுங்கள். ஜெர்மேனிடம் சொல்லுங்கள். அவள் ஒருத்தியிடம் சொன்னால் போதும், ஊருக்கே சொன்ன மாதிரி. ஆண்களிடம் போகாதீர்கள், அவர்கள் அண்ணன் முகத்தைப் பார்ப்பார்கள். பெண்களிடம் போங்கள். காசோலையை மாற்றக் கூடாது என்பதை முதலில் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். வாராவாரம் சம்பளக் காசோலையை ஆற்றங்கரை மதுக்கடையில் மாற்றியே பழகின கைகள் அவை. வந்த அன்றைக்கே மாற்றிவிடுவார்கள். அதுதான் என் பயம்.

இன்னொன்று. அண்ணன் கையெழுத்தை நீங்கள் போடாதீர்கள். உங்களுக்கு அந்த எண்ணம் வந்திருக்கும், எனக்கு உங்களைத் தெரியும். அது குற்றம். அவர்தான் போட வேண்டும்.

ஏன் கத்தவில்லை என்று கேட்டீர்கள். முந்தின வருஷம் ஒரு தடவை அந்தப் படியில் நின்று பேசப் பார்த்தபோது உள்ளேயிருந்து பாட்டில் வந்தது. பாலெட் கையில் குழந்தை இருந்தது. கருங்காலி கத்தினால் எழுபது பேரும் வேண்டுமென்றே அன்று இரவே போய் ஆபீஸ் வாசலில் படுத்திருப்பார்கள். அண்ணன் சொன்னால்தான் கேட்பார்கள். அதனால் அவரிடம் சொன்னேன்.

இதுவும் முழு உண்மை இல்லை. அவர் உள்ளே போய், 'என் தம்பி சொல்றான், ஒரு வாரம் பொறுப்போம்' என்று சொல்வார் என்று நினைத்தேன். 'என் தம்பி' என்ற சொல்லை அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அவர் வாயால் கேட்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. மூடின கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் அதற்காகத்தான் நின்றேன்.

நேரமில்லை. போங்கள்.

லியோனெல்


கிளேர் ஃபால்ஸ்
22 ஜூலை 1989

லியோனெலுக்கு,

முடிந்துவிட்டது. வரிசையாகச் சொல்கிறேன்.

உன் கடிதம் திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்தது. சாமியாருக்கு மதியச் சாப்பாடு ஆறிப் போன சூப்தான். ஜெர்மேன் வீட்டுக்கு ஓடினேன். அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்ததும் வாயில் இருந்த கிளிப்பை எடுத்துவிட்டு, "ஆர்மான் வெள்ளிக்கிழமையே மாத்திட்டாரு" என்றாள். ஆனால் அங்கேயே உட்காரவில்லை. ஈரத் துணியைக் கூடையில் போட்டுவிட்டு என்னோடு கிளம்பினாள். அவள் குடும்பத்துக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் தெருத்தெருவாக என்னோடு வந்தாள். அவளை நான் எப்போதும் வாயாடி என்றுதான் சொல்வேன். இனிமேல் சொல்லமாட்டேன்.

பாதிக்கு மேல் மாற்றிவிட்டார்கள். நீ பயந்தபடியே, மதுக்கடையில். மாற்றாதவர்கள் புதன்கிழமைக்குள் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். சிலரைப் பெண்டாட்டிமார் காதைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனார்கள். முப்பது வீடு இருக்கும் என்று ஜெர்மேன் சொல்கிறாள். இந்த முப்பது வீட்டிலும் ஜனவரி வரை அடுப்பெரியும். அது உன்னால். இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், நான் எழுதி வைக்கிறேன்.

ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார்கள், "இந்தக் கணக்கு உனக்கு யாரு சொன்னா?" என்று. நான் உன் பெயரைச் சொன்னேன். "இப்பச் சொல்லி என்ன புண்ணியம், அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல அந்தக் கருங்காலி?" என்று மூன்றாவது வீட்டில் ஒருத்தி சொன்னாள். அது எனக்குப் பொறுக்கவில்லை. "அன்னைக்கே சொன்னான். என் வீட்டுக்காரர்கிட்டச் சொன்னான்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. திரும்ப எடுக்க முடியுமா? நான் நாலாவது வீட்டுக்குப் போவதற்குள் அது எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

புதன்கிழமை சாயங்காலம் உன் அண்ணன் வந்தார். சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் பார்த்தேன், காசோலை இல்லை. மேஜையில் நோட்டுகளை வைத்தார்.

"என்ன பண்ணிட்டு வந்திருக்க?" என்றேன்.

"ஆர்மான் மாத்திட்டான். இன்னும் நாப்பது பேரு மாத்திட்டாங்க. நான்தான் அவங்களக் கூட்டிட்டுப் போனேன். அவங்க பட்டினி கெடக்கயில நான் ஜனவரி வரைக்கும் வாங்கித் திங்கட்டுமா?"

"உன் பொண்ணு?"

"நிகோல் அடுத்த வருஷம் படிக்கட்டும்."

அவர் சொன்னதில் பாதி நியாயம். அதுதான் என்னைக் கொல்கிறது, லியோனெல். முழு அயோக்கியனாக இருந்தால் திட்டிவிட்டுத் தூங்கலாம்.

ஈவெட்


பிரிஸ்டல்
3 செப்டம்பர் 1989

அண்ணிக்கு,

என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒன்றரை மாதம் போய்விட்டது. பேரிங் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. இரவு ஷிப்ட். உதவித்தொகையை எழுதிக் கொடுத்து நிறுத்திவிட்டேன். இருபத்தாறில் எட்டுக்கூட வாங்கவில்லை. மீதியை யாருக்காவது மாற்றிக் கொடுக்க வழி இருந்தால் ஆர்மானுக்குக் கொடுத்திருப்பேன். அப்படி ஒரு விதி இல்லை, தேடிப் பார்த்தேன்.

இத்துடன் ஒரு மணியார்டர். நிகோலின் படிப்புக்கு. என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

பாலெட்டுக்கு நான் எழுதுவது தெரிந்துவிட்டது. "நம்ம வாசல்ல மீன் கொடலக் கொட்டினாங்களே, மறந்து போச்சா உனக்கு? உங்க அண்ணி கடையில என்னப் பார்த்துட்டு வரிசையிலேருந்து வெலகிப் போனா. கைப்புள்ளையோட நின்னேன் நான்" என்றாள். பிறகு மணியார்டரைக் கவரில் வைத்து ஒட்டியது அவள்தான். ஒட்டும்போது அழுதாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அண்ணனுக்கு வேலை ஏதாவது கிடைத்ததா? இங்கே எங்கள் ஷிப்டில் ஆள் எடுக்கிறார்கள். நான் சொன்னால் எடுப்பார்கள். அதனால்தான் அவர் வரமாட்டார், இல்லையா?

லியோனெல்


கிளேர் ஃபால்ஸ்
16 அக்டோபர் 1989

லியோனெலுக்கு,

கடைசிக் காசோலை போன வாரம் வந்தது. மாற்றினோம். வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் தொட்டியில் கால்வாசிதான் இருக்கிறது. மேல்மாடி அறைகளை அடைத்துவிட்டு மூன்று பேரும் சமையலறைப் பக்கமே படுக்கிறோம்.

உன் மணியார்டரைத் திருப்பி அனுப்புகிறேன். வீம்பு இல்லை. நிகோல் படிக்கப் போகவில்லை. முதியோர் விடுதியில் படுக்கை மாற்றும் வேலைக்குப் போகிறாள், அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. 'யார் அனுப்பின பணம்' என்று அவள் கேட்டாள், சொன்னேன், "அப்பாவுக்குத் தெரியாம வேணாம்மா" என்றாள். பாலெட்டிடம், கடையில் விலகிப் போனது நான்தான், அவள் சொன்னது சரி என்று சொல். அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

உன் அண்ணனுக்கு வேலை இல்லை. மரம் வெட்டும் இடத்தில் கேட்டார். அங்கே மேஸ்திரி ஆர்மானின் மச்சான். "எழுவது பேரக் கூட்டிட்டுப் போனியே, இங்க ஒருத்தனாவா வந்த?" என்று கேட்டிருக்கிறான். திரும்பி வந்துவிட்டார். இப்போது அவரோடு யாரும் பேசுவதில்லை. சங்கக் கட்டடத்துக்குப் போனால் அவர் உட்கார்ந்த மேஜையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்துவிடுகிறார்களாம். அந்த நாற்பது பேர் மட்டுமில்லை. ஜூலையில் தப்பித்த முப்பது பேரும் அப்படித்தான். அவர்களுக்கு என்ன கோபம் என்று எனக்குப் புரியவில்லை. உனக்குச் செய்ததையெல்லாம் இப்போது அவருக்குச் செய்கிறார்கள். ஊர் பழகிவிட்டது, ஆள் மட்டும் மாறுகிறது.

போன சனிக்கிழமை சாப்பிடும்போது கேட்டேவிட்டேன். "அவன் சொன்னத நீ நம்பலயா? சூழ்ச்சி பண்றான்னு நெனச்சியா? அப்படின்னாச் சொல்லு, நான் மனசு ஆறிக்கிறேன்."

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அவன் வாயத் தெறந்தப்பவே தெரியும், சரின்னு. அவன் கணக்கு எப்பத் தப்பியிருக்கு? சின்ன வயசுலேருந்து நான்தானே பாக்குறேன். அவன் பேச்சக் கேட்டு ஒரு வாரம் பொறுத்திருந்தா, அப்புறம் இருபத்தாறு வாரமும் அவன் போட்ட சோறுதான். ஒவ்வொரு வாரமும் காசோலை வரும், ஒவ்வொரு வாரமும் அவன நான் மன்னிக்கணும். என்னால ஆகல, ஈவெட்."

நம்பாமல் போயிருந்தால் மன்னித்திருப்பேன். தெரிந்தே போயிருக்கிறார். எழுபது பேரைப் பாலத்தின் மேல் நடத்திக்கொண்டு, தெரிந்தே.

நேற்று மாதாகோயில் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கும் நேரம் வந்தது. முன் பெஞ்சு திரும்பவில்லை. பின் பெஞ்சிலும் யாரும் கை நீட்டவில்லை. அவர் கையை நீட்டியபடி இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நிகோல் வேலைக்குப் போயிருந்தாள், பக்கத்தில் நான் மட்டும்தான்.

நானும் கொடுக்கவில்லை, லியோனெல். கைப்பையைத் திறந்து எதையோ தேடினேன். பையில் ஒன்றும் இல்லை.

ஈவெட்


பிரிஸ்டல்
18 அக்டோபர் 1989

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தீர்களா? ஒரு நிமிஷம் இருந்தது. மறைக்கவில்லை. பிறகு இல்லை.

அந்தக் கோயிலில் கையை நீட்டிக்கொண்டு நான் ஒரு வருஷம் நின்றிருக்கிறேன். பாலெட் இருந்தாள், அவள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் கையைப் பிடித்தாள். அது மட்டும் இல்லையென்றால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியாது.

அவர் என்னை மன்னிக்க வேண்டாம். நானும் அவரை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கை கொடுங்கள், அண்ணி. வேறு யாரும் அங்கே இல்லை.

லியோனெல்


கிளேர் ஃபால்ஸ்
6 நவம்பர் 1989

லியோனெலுக்கு,

உன் கடிதம் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே வந்துவிட்டது. அன்றைக்குக் கோயிலுக்குக் கிளம்பும்போதே முடிவு பண்ணிக்கொண்டுதான் போனேன்.

அவர் உள்ளே வரவில்லை. என்னை வாசலில் இறக்கிவிட்டு, "நீ போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு வண்டியை வேலி ஓரம் நிறுத்திக்கொண்டார். அடுத்த ஞாயிறும் அப்படியே. நேற்றும் அப்படியே. பெட்ரோல் போகும் என்று இன்ஜினை அணைத்துவிட்டுக் குளிரில் உட்கார்ந்திருக்கிறார்.

நேற்று சமாதானம் சொல்லும் நேரம் வந்ததும் நான் எழுந்து வெளியே போனேன். எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும். பனி விழ ஆரம்பித்திருந்தது. வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் மூச்சில் கண்ணாடி மங்கிப் போயிருந்தது. தட்டினேன். திரும்பிப் பார்த்தார். கையை நீட்டினேன்.

எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை இறக்கவில்லை.

கை விறைக்கும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஈவெட்